குணமடைந்த நாற்காலி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் கண்ணின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது. ஆணை நல்ல கண்ணின் மேல்தான். நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் என்று என் மருமகள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அதை அவளும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாள். ஆனால் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது நான்.

அங்கே எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு சலூன்காரர் இருந்தார். நல்ல மனுஷன். தூக்கம் கெட்டுப்போய், கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் ஆட்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று கண்ணாடியைப் போர்வையால் மூடிவிட்டார். அதற்காகச் சேர்த்தார்கள். மாத்திரை கொடுத்ததில் கண்ணாடிக்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அதற்கு அவர் நன்றியாகத்தான் இருந்தார். ஆனால் மாலையில் தரும் மஞ்சள் மாத்திரை, கண்ணாடிக்காரர்களை விட்டுவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டது. தம்ளரை எடுத்தால் பாதித் தண்ணீர் என் கட்டிலுக்கு வந்துவிடும்.

"கை நடுங்கினா எவன் கழுத்தைக் கொடுப்பான், பெரியவரே?" என்றார்.

"என் கழுத்தைத் தரேன்," என்றேன் பெருந்தன்மையாக.

"உங்க கழுத்தை வெச்சு நான் வீடு நடத்த முடியாது."

அவர் சொந்தக் கடைக்காரர் அல்ல. பெரிய சலூன் ஒன்றில் ஜன்னலோரத்து நாற்காலி அவருடையது. அதற்குப் பின்னால் நின்றுதான் கல்யாணம் பண்ணினார், மகளைப் படிக்கவைத்தார். வாரா வாரம் பார்க்க வரும் அவர் மனைவி இந்த முறை செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கட்டிலருகே வந்து நின்றாள்.

"மாசக் கடைசி வரைக்கும் உங்க நாற்காலிக்கு வேற ஆளைப் போடமாட்டேன்னு முதலாளி சொல்லியிருக்காருங்க. அதுக்கு மேல அவராலயும் முடியாதாம். டாக்டர்கிட்ட கையைக் காட்டினீங்களா?"

காட்டத்தான் ஆள் வேண்டும். டாக்டர் வார்டுக்குள் வருவது, ரயில் சின்ன ஸ்டேஷனைத் தாண்டுவது போல. நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் பாவம், நல்ல பெண். குரலைத் தாழ்த்தி, "மாத்திரை விஷயத்தை என்கிட்ட சொல்லாதீங்கண்ணே. புதுத் திட்டம் வருது. இனிமே எல்லாம் கூட்டத்துலதான்," என்றாள்.

திட்டத்தின் பெயர் 'உங்களைப் பற்றி உங்களோடு'. நோயாளியின் சிகிச்சையைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் இனி நோயாளியும் உட்காருவார். யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொன்னதற்காகச் சேர்க்கப்பட்டவரை, அவரைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு நடுவே உட்காரவைத்துக் காட்டுவது என்று முடிவாகியிருந்தது. பெரிய டாக்டரே வார்டுக்கு வந்து பேசினார்.

"இத்தனை வருஷமா உங்களைக் கேக்காமயே உங்களைப் பத்தி முடிவெடுத்திருக்கோம். அது பெரிய தப்பு. இனிமே அப்படி நடக்காது. முடிவெடுத்த உடனே உங்களைக் கூப்பிட்டுக் கேப்போம்."

நாங்கள் கைதட்டினோம். கைதட்டச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் பங்கேற்பு அலுவலர் வந்தார். அவரை நாங்கள் பங்கேற்பு அம்மா என்றோம். கூட்டத்துக்கு முதலில் போகப்போகிறவர் சலூன்காரர் என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பயிற்சியை ஆரம்பித்தார்.

"உங்க மனசுல இருக்கறதை அங்க தாராளமா சொல்லலாம். ஆனா மொதல்ல என்கிட்ட சொல்லுங்க. அது உங்க மனசுல இருக்கறதுதானான்னு நான் பாத்துச் சொல்றேன்."

"கை நடுங்குதும்மா. மஞ்சள் மாத்திரையைக் குறைக்கணும். இல்லைன்னா மாத்தணும்."

"அது கோரிக்கை. நாங்க எதிர்பாக்கறது கருத்து."

"கருத்துன்னா எப்படிம்மா?"

"'என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டது சந்தோஷமா இருக்கு.' இது கருத்து. எங்க, சொல்லுங்க பாப்போம்."

சலூன்காரர் சொன்னார். இன்னும் கொஞ்சம் சந்தோஷமாகச் சொல்லச் சொன்னார்கள். மதியச் சாப்பாடு ஆறும் வரை சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நோயாளி தன்னோடு ஒரு துணை ஆளை அழைத்துவரலாம் என்று சட்டம் இருந்தது. அவர் என்னைச் சொன்னார். துணை ஆள் வாயைத் திறக்கக் கூடாது. முகத்தால் மட்டும் ஆதரவு தரலாம். அதற்கும் தனியாகப் பயிற்சி உண்டு. என் முகம் ஆதரவு தருவது போல இல்லை, யாரையோ முறைப்பது போல இருக்கிறது என்று பங்கேற்பு அம்மா திருப்பித் திருப்பிச் செய்யச் சொன்னார். பிறகு மருமகள் ஊருக்குப் போயிருக்கும் நாட்களை நினைத்துக்கொண்டேன். தேறிவிட்டேன்.

கூட்ட நாள் வந்தது. நீளமான மேசை. அதைச் சுற்றிப் பெரிய டாக்டர், சின்ன டாக்டர்கள், பங்கேற்பு அம்மா, இன்னும் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாத சிலர். மேசையின் தலைமாட்டில் நீல மெத்தையும் கைப்பிடியும் வைத்த புத்தம் புது நாற்காலி. அதுதான் நோயாளியின் நாற்காலி. பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை.

"வாங்க, உக்காருங்க. இது உங்க இடம்," என்றார் பெரிய டாக்டர்.

அங்கேதான் தவறு நடந்தது. சலூன்காரர் பாதி வாழ்க்கையை நாற்காலிக்குப் பின்னால் நின்றே கழித்தவர். நாற்காலியைக் கண்டதும் அவருடைய கால்கள் அவரைக் கேட்காமலே சுற்றிக்கொண்டு போய் அதன் பின்னால் நின்றன. தோளில் கிடந்த துண்டை எடுத்து மெத்தையை இரண்டு தட்டுத் தட்டினார். முதுகுச் சாய்வில் அழகாக விரித்துப் போட்டார். யாராவது வந்து உட்காருவார்கள் என்று காத்திருந்தார்.

நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் சலூன்காரருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. முன்னால் இருப்பவர் எதைச் சொன்னாலும் 'ஆமாங்க' என்பார். மழை வரும் என்றால் ஆமாங்க. அடுத்து வருகிறவர் வராது என்றால் அதற்கும் ஆமாங்க. கத்தி கழுத்தில் இருக்கும்போது விவாதம் பண்ணினால் இருவருக்கும் நல்லதல்ல.

"ராத்திரி நல்லா தூங்கறீங்க," என்றார் பெரிய டாக்டர்.

"ஆமாங்க."

"நேத்தைவிட இன்னைக்கு முகத்துல தெளிவு இருக்கு."

"ஆமாங்க."

"மஞ்சள் மாத்திரை உங்களுக்கு நல்லா ஒத்துக்குது."

நான் முகத்தால் கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய கண் பெரிய டாக்டரின் காதோரத்துக் கிருதாவில் இருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஆமாங்க."

"ஒண்ணு இவ்வளவு ஒத்துக்குதுன்னா ரெண்டு இன்னும் ஒத்துக்கும். அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கோம். உங்களுக்குச் சம்மதம்தானே?"

"ஆமாங்க."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. வாய் திறந்தது திறந்தபடி இருக்க, நாற்காலியின் முதுகைப் பிடித்த கை நடுங்கி, நாற்காலியே கடகடவென்று ஆடியது. அதற்குள் அறை முழுக்கக் கைதட்டல். நோயாளி முழு மனதோடு பங்கெடுத்த முதல் கூட்டம் என்று பெரிய டாக்டர் எழுந்து நின்று அறிவித்தார். பங்கேற்பு அம்மா கண்ஜாடை காட்டினார். சலூன்காரர், "என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டது சந்தோஷமா இருக்கு," என்றார். ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள். அவருடைய பிஸ்கட் வாய்க்குப் போய்ச் சேரவில்லை, கையிலேயே உதிர்ந்துபோனது.

அந்த வாரம் மனைவி வந்தபோது அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவள் அவற்றை உருவி எடுத்துப் பார்த்தாள்.

"நீங்களா சம்மதிச்சீங்க?"

"வாயில வந்திடுச்சு."

"அங்க யாருக்காவது முடி வெட்டிக்கிட்டு இருந்தீங்களா, ஆமாங்க ஆமாங்கன்னு சொல்ல? வீட்ல நான் ஒரு பேச்சு சொன்னா ஒரு நாளாவது ஆமான்னிருக்கீங்களா?"

"உன் பேச்சைக் கேக்கறப்ப முன்னாடி நாற்காலி இல்லையே," என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். அவள் அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி, "பெரியவரே, இவருக்கு 'இல்லீங்க'ன்னு சொல்லக் கத்துக்கொடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மாசம் பாதி போயிடுச்சு," என்றாள்.

கற்றுக்கொடுத்தேன். நான் கட்டிலில் வாடிக்கையாளர் மாதிரி சாய்ந்துகொள்வேன். அவர் பின்னால் நிற்பார். "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி," என்பேன். அவர் முகம் சிவந்து, நரம்பு புடைத்து, "இல்லீங்க," என்பார். முதல் நாள் அதைச் சொன்ன கையோடு ஓடிப்போய் வாந்தி எடுத்தார். போகப் போகப் பழகிவிட்டது.

அடுத்த கூட்டம்.

"காலை வணக்கம்," என்றார் பெரிய டாக்டர்.

"இல்லீங்க."

பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"இல்லீங்க, அது வந்து, கை நடுங்குதுங்க," என்றார் சலூன்காரர். மூச்சு வாங்கியது. "மஞ்சள் மாத்திரை வேண்டாம்னு சொல்லலை. குறைச்சுக் கொடுங்க, இல்ல மாத்திக் கொடுங்க."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒருத்தர் சொல்றதை மட்டும் வெச்சு முடிவெடுக்கறது பழைய முறை. அது சர்வாதிகாரம். நாம எல்லாரும் சேர்ந்து முடிவெடுப்போம். இவர் கை நடுங்குதா இல்லையா, ஓட்டுக்கு விடறேன். நோயாளிக்கும் ஓட்டு உண்டு. நடுங்குதுன்னு நினைக்கறவங்க கையைத் தூக்குங்க."

சலூன்காரர் தூக்கினார். தூக்கிய கை, ஈரத்தை உதறுவது போல ஆடியது. நானும் தூக்கினேன், துணை ஆள் முகத்தால்தான் ஓட்டுப் போடலாம் என்று இறக்கச் சொன்னார்கள்.

பங்கேற்பு அம்மா வருத்தத்தோடு சொன்னார்: "கை நிலையா இருந்தாத்தான் சார் கணக்குல எடுத்துக்க முடியும். அவர் தூக்கறாரா, வேண்டாம்னு ஆட்டறாரான்னு தெரியலையே."

ஆகவே கை நடுங்கவில்லை என்பது ஒருமனதாக முடிவானது.

"போன தடவை எல்லாத்துக்கும் ஆமான்னார். இந்தத் தடவை வணக்கத்துக்கே இல்லைங்கறார். மனசு ஒரேயடியா மாறுது," என்றார் பெரிய டாக்டர். "மூணு மாத்திரை கொடுங்க. உங்க பங்கேற்பு இல்லாம இதை நாங்க கண்டுபிடிச்சிருக்கவே முடியாது. ரொம்ப நன்றி."

மூன்று மாத்திரையில் சலூன்காரர் பகலிலும் தூங்கினார். விழித்திருக்கும் கொஞ்ச நேரத்திலும் பேச்சு வாய்க்குள்ளேயே மடங்கிக் கிடந்தது. மூன்றாவது கூட்டத்துக்கு அவரை எழுப்பி உட்காரவைக்க நர்ஸ் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முடியவில்லை. நான் மட்டும் போனேன்.

நோயாளி இல்லாமல் நோயாளியைப் பற்றிப் பேசக் கூடாது என்பது திட்டத்தின் உயிர்நாடி. கூட்டத்தைத் தள்ளிவைக்கவும் முடியாது, டீ வந்துவிட்டது. அப்போது சின்ன டாக்டர் ஒருவர் நாற்காலியைக் கவனித்தார். முதல் நாள் விரித்த துண்டு அப்படியே சாய்வில் கிடந்தது. துண்டு கிடக்கும் இடம் ஆள் இருக்கும் இடம் என்பது பஸ்ஸில் ஏறிய எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

"நல்லா தூங்கறீங்களா?" என்றார் பெரிய டாக்டர் நாற்காலியைப் பார்த்து.

நாற்காலி பேசவில்லை.

"மறுப்பு இல்லை. போன தடவை இருந்த படபடப்பு சுத்தமா இல்லை, கவனிச்சீங்களா? எவ்வளவு நேரா உக்காந்திருக்கார்."

சின்ன டாக்டர் எழுந்துபோய் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். "நடுக்கம் அறவே இல்லை சார்."

நான் சட்டத்தை மறந்து வாயைத் திறந்துவிட்டேன். "ஐயா, அது நாற்காலி."

பெரிய டாக்டரின் முகம் சுருங்கியது. "பெரியவரே, ஒருத்தரோட குறையைச் சுட்டிக்காட்டற பழக்கத்தை இந்த அறைக்கு வெளியிலயே விட்டுட்டு வாங்க."

அதற்குப் பிறகு நாற்காலிதான் கூட்டங்களுக்குப் போனது. சொன்னதைக் கேட்டது. குறுக்கே பேசவில்லை. பிஸ்கட்டை உதிர்க்கவில்லை. பிற வார்டுகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பங்கேற்பு அம்மாவை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு சால்வை போட்டார்கள், நாற்காலிக்கும் ஒன்று. மாதக் கடைசிக்கு முந்தின நாள், 'முழுக் குணம்' என்று எழுதி, நாற்காலியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்ற சத்தம் கேட்டு அவர் மனைவி ஈரக் கையோடு ஓடிவந்திருக்கிறாள். இருவர் நாற்காலியைப் பதமாக இறக்கினார்கள். தனியாக விடவேண்டாம், வெயிலில் வைக்கவேண்டாம், மனம் நோகப் பேசவேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

"அவர் எங்கே?"

"இவர்தான்மா. ஆரம்பத்துல கொஞ்சம் பேச்சு கம்மியாத்தான் இருக்கும்."

அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி மருத்துவமனைக்கே வந்தாள். வாசலில் காவல்காரர் மறித்தார். "குணமாகிப் போனவங்களை உள்ள விட முடியாதும்மா. திரும்பச் சேக்கணும்னா அந்த வரிசையில நிக்கவைங்க." அவள் வரிசையில் நின்றாள். கால் கடுத்துப்போய் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து ஒருவர் பதறி ஓடிவந்து, நோயாளியின் மேல் உட்காராதீர்கள் என்று எழுப்பிவிட்டார்.

மறுநாள் மாதக் கடைசி. வேறு வழி தெரியாமல் அவள் நாற்காலியைச் சலூனுக்கு எடுத்துப்போனாள். "அவர் வந்துட்டார்னு ஆஸ்பத்திரியே சொல்லுதுங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க," என்று முதலாளியிடம் கெஞ்சினாள். முதலாளி கெட்டவர் அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். மெத்தை நன்றாக இருந்தது. பழையதை எடுத்துவிட்டு இதை ஜன்னலோரத்தில் போட்டார். அதற்குப் பின்னால் நிற்க வேறு ஆளைப் போட்டார்.

வீட்டுக்குப் போனவரைப் பார்க்க மருத்துவமனையில் அனுமதி கிடையாது. அவள் பின்பக்கம் வந்து, எங்கள் வார்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, உங்க நாற்காலி போச்சு."

"எது?" என்றார் அவர், வாய் குழற.

"ரெண்டும்."

அவர் தலையை ஆட்டினார். கம்பிக்கு வெளியே கையை நீட்டினார். அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். நடுக்கம் நிற்கவில்லை. அவள் வளையல்கள்தான் சத்தம் போட்டன.

குணமாகிப் போனவருக்குக் கட்டில் இல்லை. அதில் புது ஆள் வந்துவிட்டார். சாப்பாடு இல்லை, என் தட்டில் பாதி. வெளியே விடவும் முடியாது. ஏற்கெனவே வெளியே போனவரை இன்னொரு தடவை எப்படி அனுப்புவது என்று கேட்டார்கள். மாத்திரை மட்டும் வேளை தவறாமல் வந்தது. அது வேறு பிரிவு.

கடைசியில் ஒரு நாள் அவர் தாமாகவே எழுந்தார். முகத்தை மூன்று தடவை கழுவினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே கூட்ட அறைக்குள் போனார். பயிற்சி இல்லை, ஒத்திகை இல்லை. அந்த அறையில் அவருக்கென்று பின்னால் நிற்க நாற்காலியும் இல்லை. வெறும் தரையில் நின்றார்.

"ஐயா, எனக்கு இருபது வருஷமா வேற வேலை தெரியாது. நீங்க கொடுத்த மருந்துல என் மனசு நல்லாச்சு, இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா கை போச்சு. கையில்லாம மனசை மட்டும் வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? ஒரே ஒரு தடவை கிட்ட வந்து என் கையைப் பிடிச்சுப் பாருங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

யாரும் டீயைத் தொடவில்லை. பங்கேற்பு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய டாக்டர் எழுந்து நின்றே பேசினார்.

"இவ்வளவு தெளிவா ஒரு நோயாளி தன் தேவையைச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்தத் திட்டமே இதுக்காகத்தான்." பிறகு ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். "ஆனா இவர் நோயாளி இல்லையே. நோயாளி வீட்டுக்குப் போயிட்டாரே. இல்லீங்களா?"

சலூன்காரர் முன்னால் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. துண்டு இல்லாத கையால் வெறும் காற்றை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஆமாங்க," என்றார்.

இவ்வளவும் உண்மை. நல்ல கண்ணின் மேல் இட்ட ஆணை அப்படியே இருக்கிறது. விட்டுப்போன விவரம் ஒன்றே ஒன்றுதான்: அந்த மருத்துவமனையில் நோயாளியைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு கூட்டம்கூட நடந்ததில்லை, சலூன்காரரின் மாத்திரை ஒன்று மூன்றானதை, நர்ஸ் மாத்திரைக் கிண்ணத்தை நீட்டியபோதுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.